கடைசி ஏழு நிமிடம்

குவைத்திலிருந்து திருச்சிக்கு வான்வழியில் மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம், போய்ச் சேர ஐந்து மணி நேரம் என்று டிக்கெட் விற்கிறவர்கள் சொல்வார்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. மணப்பாறைக்கும் திருச்சிக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் போய்க் கேட்டால், நான்கு மணி ஐம்பத்து மூன்று நிமிடம் வரைக்கும் சரி, மிச்சம் இருக்கிற ஏழு நிமிடத்துக்குத்தான் பதினோரு வருஷம் ஆகும் என்பார்கள், அதிலும் பொய் இல்லை.

வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, சூசையப்பர்பட்டிக்கு மேலே தினமும் போகிற விமானம் தினமும் போகிற இடத்துக்கு வந்து, போகாமல் இருந்தது. முதலில் தெரிந்துகொண்டவை ஆடுகள். மேய்ந்துகொண்டிருந்தவை வாயில் புல்லோடு நின்றுவிட்டன. பிறகு தண்ணீருக்குத் தெரிந்தது. குடத்திலும் தொட்டியிலும் கிணற்றிலும் தண்ணீரின் மேல்தோல் மெல்ல நடுங்கத் தொடங்கியது, அந்த நடுக்கம் அன்றைக்கும் நிற்கவில்லை, அடுத்த வருஷமும் நிற்கவில்லை. விமானத்தின் சத்தம் அடங்கிப் போயிருந்தது. சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் எல்லாருடைய அடிவயிற்றிலும் ஓர் அதிர்வு மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை, பனைமரத்தின் உச்சிக்கு நேராக வைத்து ஒற்றைக் கண்ணை மூடிக் குறிபார்த்த ஒருவர், "நிக்கலப்பா, நகருது" என்றார்.

அந்த விமானத்தில் நூற்று அறுபத்து நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் பெலவேந்திரன், முப்பத்தொரு வயது, குவைத்தில் ஏசி மெக்கானிக், சூசையப்பர்பட்டிக்காரன். ஊரைவிட்டுப் போகும்போது அவனுடைய மனைவி அமலோற்பவத்துக்கு ஏழு மாதம். இரண்டு வருஷம் முடிந்து இப்போதுதான் முதல் தடவையாக லீவில் வருகிறான், தன் மகளை அவன் போட்டோவிலும் போனிலும் தவிரப் பார்த்ததில்லை. அமலு அன்று காலையிலேயே குழந்தை பிரிசில்லாவுக்குப் புதுக் கவுன் போட்டு, திருச்சி ஏர்போர்ட்டில் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பலகையில் அந்த விமானத்துக்கு நேராக 'இறங்கிக்கொண்டிருக்கிறது' என்று வந்தது. மத்தியானமும் அப்படியே இருந்தது. சாயங்காலமும் அப்படியே இருந்தது. பிறகு பதினோரு வருஷம் அது மாறவே இல்லை. மற்ற விமானங்களின் பெயர்கள் மேலும் கீழுமாக வந்து மறைந்துகொண்டிருக்க, அந்த ஒரு வரி மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

கணக்கைச் சொன்னவர் மணப்பாறைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் லூயிஸ். அவருடைய மனைவி பிலோமி, குவைத்தில் நர்ஸாக இருந்தவள், அதே விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். லூயிஸ் வாத்தியார் பள்ளிக்கூடத்து டெலஸ்கோப்பை ஒரு முக்காலியில் கட்டி, நாற்பது நாள் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, கோயில் முற்றத்தில் கூடியிருந்த உறவுக்காரர்களிடம் வந்து சொன்னார்.

"ஒரு நாளைக்குப் பத்து மீட்டர் வருது. இங்கருந்து ஏர்போர்ட் நாப்பது கிலோமீட்டர். நமக்குப் பதினோரு வருஷம். உள்ள இருக்கிறவங்களுக்கு ஏழு நிமிஷம்தான். அவங்களோட ஒரு நொடி நமக்கு ஒம்போதரை நாள்."

"உசுரோட இருக்காங்களா சார்?" என்று அமலு கேட்டாள்.

"இருக்காங்க. ஒரு அம்மா தும்மினாங்க. அதைத்தான் பத்து நாளா பார்த்துட்டிருந்தேன்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் அழவும் இல்லை. பதினோரு வருஷம் என்றால் பிள்ளை எத்தனையாவது படிக்கும் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள், அதற்கும் பழகினார்கள். ஏர்போர்ட்டில் அந்த விமானத்துக்காக ஓடுபாதையை அப்படியே காலியாக விட்டுவிட்டு, பக்கத்தில் வேறொன்று போட்டு மற்ற விமானங்களை இறக்கினார்கள். காலி ஓடுபாதையின் விளக்குகளை இரவும் பகலும் அணைக்கவே இல்லை. ரேடியோவில் விமானத்திலிருந்து நீளமாக ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது, அது விமானி சொல்ல ஆரம்பித்த வணக்கத்தின் முதல் எழுத்து என்று லூயிஸ் வாத்தியார் சொன்னார். விமானத்தின் நிழல் விழுகிற வயலில் யாரும் விதைக்கவில்லை, ஆனால் அந்த நிழலிலேயே ஒருவர் டீக்கடை போட்டு, வாரத்துக்கு ஒருமுறை பெஞ்சுகளைத் தூக்கி எழுபது மீட்டர் கிழக்கே வைத்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குக் கீழே 'விமானம் நம் ஊரைக் கடந்த பின்' என்று அச்சடித்தார்கள். விமானத்துக்குக் கீழே பிறந்த குழந்தைகள் அழுவதற்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு அந்த அதிர்வைப் போலவே ஒரு முனகல் முனகின, மருத்துவச்சிகள் அதைக் கேட்டுவிட்டு, பிள்ளை நல்லாயிருக்கு என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் யாரும் பழகவில்லை. நாம் அவர்களைப் பார்க்கிறோமே, அவர்கள் நம்மைப் பார்க்கிறார்களா என்று யாரோ கேட்டபோது, லூயிஸ் வாத்தியார் சொன்னார்: "மலையைப் பார்ப்பாங்க, வீட்டைப் பார்ப்பாங்க, மரத்தைப் பார்ப்பாங்க. முப்பத்தெட்டு நொடிக்கு ஒரு தடவை பூமி பச்சையாகி மறுபடி காயறதைப் பார்ப்பாங்க. பகலும் ராத்திரியும் அவங்களுக்குக் கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி துடிக்கும். நாம தெரிய மாட்டோம். ஒரே இடத்துல பத்து நாள் இருந்தாத்தான் ஒரு நொடி தெரிவோம். இல்லேன்னா நாம புகைகூட இல்ல."

அன்றிலிருந்து அந்த ஊர்களில் ஜனங்கள் வானத்தைப் பார்த்துக் கையசைப்பதை விட்டுவிட்டார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத ஊர்களாகத்தான் மேலே இருக்கிறவர்களுக்குத் தங்கள் ஊர்கள் தெரிகின்றன என்ற நினைப்பு, உச்சி வெயிலில் தெருவில் தனியாகப் போகிறவர்களைத் திடீரென்று பிடித்துக்கொள்ளும். அவர்கள் நின்று தங்கள் கையைத் தாங்களே தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

அமலு தையல் மெஷினோடு விமானத்தின் கூடவே போனாள். வருஷத்துக்கு மூன்றரை கிலோமீட்டர். ஒவ்வொரு வைகாசியிலும் அடுத்த ஊரில் ஒரு வாடகை வீடு, மாடி இருக்கிற வீடு. மெஷினையும் பாத்திரங்களையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி, பிரிசியை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி போவாள். அவளைப் போல இன்னும் முப்பது நாற்பது குடும்பங்கள் அப்படிப் போய்க்கொண்டிருந்தன, ஊர்க்காரர்கள் அவர்களைப் பிளேன் வீட்டார் என்று சொன்னார்கள். அவளுடைய அண்ணன் தைரியநாதன் நான்காம் வருஷம் வந்து, "அவன் இறங்கறப்ப நீ கிழவி மாதிரி நிப்ப, அவன் பையனாட்டம் நிப்பான். என்னம்மா இது, வேற வழி பாரு" என்றான். அவள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, "அவரு தப்பு ஒண்ணும் பண்ணலியேண்ணே" என்றாள். அவன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எட்டாம் வருஷம் பிரிசிக்குப் பத்து வயது. அவள் எட்டு வருஷத்தில் ஐந்து பள்ளிக்கூடம் மாறியிருந்தாள். அந்த வைகாசியில் குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றபோது, அவள் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

"பிரிசி, வெளிய வா. வண்டிக்காரர் நிக்கிறாரு."

"நான் வர்ல. இங்க எனக்கு ஃபிரண்டு இருக்கா."

"அப்பா அங்க போறாரும்மா."

"அவரு போகட்டும். அவரு எனக்கு யாரும்மா? அவரு என்னை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. நான் இங்க குதிச்சாலும் செத்தாலும் அவருக்குப் புகைகூட இல்லன்னு நீதானே சொன்ன?"

அமலு வண்டிக்காரரைப் போகச் சொல்லிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். சாயங்காலம் லூயிஸ் வாத்தியார் வந்தார், விஷயத்தைக் கேட்டுக்கொண்டார், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னார்: "நீ போக வேண்டாம் பாப்பா. ஆனா ஒரு தடவை பாரு. இவ்வளவு வருஷமா நீ டெலஸ்கோப்ல கண்ணு வெச்சதே இல்ல."

கதவு திறக்க வெகு நேரமாயிற்று.

மாடியில் மஞ்சள் வெயில் இருந்தது. அவர் அங்கே கொண்டுவந்து வைத்திருந்த டெலஸ்கோப்பின் குழாயைத் திருப்பி, இடது பக்கம் பதினெட்டாம் வரிசை ஜன்னலில் கொண்டுபோய் நிறுத்தினார். பிரிசி கண்ணை வைத்தாள். ஒல்லியாக, மீசை அடர்த்தியில்லாமல், பக்கத்துத் தெரு அண்ணன்களில் ஒருவன் மாதிரி இருந்த ஓர் ஆள், கையில் போனைப் பிடித்துக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். போன் ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதில் கவுன் போட்ட ஒரு சின்னக் குழந்தை.

"அது யாரு?"

"நீதான்."

"எவ்வளவு நேரமா பார்க்கிறாரு?"

"போன வருஷம் ஆடியில எடுத்தாரு. அதுக்கப்புறம் வேற எதையும் பார்க்கலை."

பிரிசி கண்ணை எடுக்கவில்லை. வெளிச்சம் போகும்வரை அப்படியே நின்றாள். மறுநாள் அவளே வண்டிக்காரர் வீட்டுக்குப் போய், நாளைக்கு வாங்க மாமா என்று சொல்லிவிட்டு வந்தாள். அதன் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் மாடிக்கு ஓடினாள். பத்தாம் வருஷம் பெலவேந்திரன் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தான். "ம்மா! தலை சீவுறாரு! நம்மளப் பார்க்கத்தான் சீவுறாரு!" என்று அவள் மாடியிலிருந்து கத்தியதை அந்தத் தெருவே கேட்டது. சீவி முடிக்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. வகிடு கோணலாக வந்திருந்தது. அமலு அந்த மாதம் முழுக்க யாரோடும் பேசாமல் தைத்தாள், தைக்கும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

பதினோராம் வருஷம் விமானம் வீடுகளின் தலைக்கு மேலே வந்துவிட்டது. சக்கரங்கள் இறங்கியிருந்தன. டெலஸ்கோப் தேவைப்படவில்லை, மொட்டைமாடியிலிருந்து பார்த்தாலே ஜன்னல்களில் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன, ஒரு முகமும் அசையாமல், எல்லா முகத்திலும் வீடு வந்துவிட்ட சந்தோஷம். அதற்குக் கீழே வாழ்ந்தவர்கள் அந்த வருஷம் சத்தமாகப் பேசவில்லை. நாய்கள் குரைக்கவில்லை. தாழப் பறந்து அதன் இறக்கைக்குப் பக்கத்தில் போய்விட்ட ஒரு கொக்கு, சிறகை விரித்தபடி காற்றில் அப்படியே நின்றுவிட்டது. விமானம் கடந்து போன பிறகு, பன்னிரண்டாம் நாள், ஒன்றும் நடக்காதது போலப் பறந்துபோயிற்று.

இறங்குவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, பிளேன் வீட்டார் எல்லாரும் மாலை கட்டச் சொல்லிவைத்துக்கொண்டும் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டும் இருந்த நாட்களில், லூயிஸ் வாத்தியார் அமலுவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அமலு, தரையைத் தொட்டதும் எல்லாம் சரியாயிடும்னு நமக்கு யாரு சொன்னா?"

அவள் நினைத்துப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை.

"நான்தான் ஏழு நிமிஷம்னு சொன்னேன். இறங்கற வரைக்கும் கணக்குப் போட்டேன், அதோட நிறுத்திட்டேன். அதுக்கு மேல போட எனக்குத் தைரியம் இல்ல. இறங்கினாலும் அவங்க இதே மாதிரி இருந்தா, வண்டி ஓடி நின்னு கதவு திறக்க ஒம்போது பத்து வருஷம். அப்புறம் வரிசை, பாஸ்போர்ட்டு, பெட்டி. ஒரு மணி நேரம்னு வெச்சா, தொண்ணூத்து நாலு வருஷம்."

"பிலோமி அக்காவுக்காகவாச்சும் அப்படி ஆகக் கூடாது சார்" என்றாள் அமலு.

சித்திரை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓடுபாதையின் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான பேர் நிற்க, பின்சக்கரம் தரையைத் தொட்டது. தொட்ட இடத்தில் ரப்பர் கருகி ஒரு பொட்டுப் புகை கிளம்பியது. அந்தப் புகை மேலே போகவில்லை. பஞ்சுபோல அங்கேயே இருந்தது. சாயங்காலமும் இருந்தது. கூட்டத்தில் முதலில் ஒரு பெண் தன் கையிலிருந்த மாலையைக் கீழே போட்டாள், பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள், அத்தனை மாலைகள் விழுந்தும் ஒரு சத்தம் எழவில்லை. மறுநாள் தீயணைப்பு வீரர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் ஏணி வைத்து ஏறி, கதவில் கை வைத்தார். வைத்த கையோடு நின்றுவிட்டார். அவரை யாரும் தொடத் துணியவில்லை. விமானம் அவரையும் ஏணியையும் விட்டு நகர்ந்து போன பிறகு, பதினோராம் நாள், அவர் திரும்பி, "திறக்க மாட்டேங்குது" என்றார்.

பாதிக் குடும்பங்கள் அந்த வாரமே கிளம்பிவிட்டன. அமலுவும் வீட்டுக்கு வந்து, மெஷினுக்கு மூடி போட்டு, துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள். பதினோரு வருஷத்தில் அவள் அழுது பிரிசி பார்த்ததில்லை, அன்று பார்த்தாள். அவளால் மூட்டையின் முடிச்சைக்கூடப் போட முடியவில்லை.

"என்னால முடியல பிரிசி. அண்ணன் சொன்னதுதான் சரி. நான் உன்னையும் சேர்த்து வீணாக்கிட்டேன்."

பிரிசி மூட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பதின்மூன்று வயதில் அவள் அம்மாவின் உயரத்துக்கு வந்திருந்தாள்.

"ம்மா, இவ்வளவு நாளா அவரு மேல இருந்தாரு. இப்ப தரையில இருக்காரு. இப்ப நாம அவரு பக்கத்துல போய் உட்காரலாம்ல? பத்து நாள் உட்கார்ந்தா ஒரு நொடி. ஒரு மாசம் உட்கார்ந்தா மூணு நொடி. மூணு நொடி போதும்மா ஒருத்தரைப் பார்க்க."

லூயிஸ் வாத்தியார்தான் அதற்கு வழி செய்தார். ஜன்னல் உயரத்துக்கு மரச்சாரம் கட்டி, அடியில் சக்கரம் வைத்த ஒரு வண்டி. அதன் மேலே ஒரு பெஞ்சு, வெயிலுக்கு ஒரு தார்ப்பாய். ஜன்னலிலிருந்து இரண்டு கை தூரம் தள்ளி நிறுத்த வேண்டும், நெருங்கினால் தீயணைப்பு வீரரின் கதிதான். விமானம் ஓடுபாதையில் வேகம் குறைந்துகொண்டே வந்தது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முழம், பிறகு அரை முழம். அதனால் வண்டியையும் அதே அளவு தள்ளிக்கொண்டே போக வேண்டும். பிளேன் வீட்டாரில் மிஞ்சியவர்களும், டீக்கடைக்காரரும், ஏர்போர்ட்டில் துப்புரவு வேலை செய்கிற பெண்களும், பதினோரு வருஷம் விமானத்துக்குக் கீழே இருந்த ஊர்களிலிருந்து வந்தவர்களும் முறை வைத்துக்கொண்டு தள்ளினார்கள். மணிக்கு ஒருமுறை ஒருவர் மெதுவாக "ம்" என்பார், நாலு பேர் தோள் கொடுப்பார்கள், வண்டி கொஞ்சம் நகரும். மறுபக்கத்தில் பிலோமியின் ஜன்னலுக்கு நேராக லூயிஸ் வாத்தியார் இன்னொரு வண்டியில், இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

பெலவேந்திரன் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் பார்வை அவர்களைத் தாண்டி எங்கேயோ, ஏர்போர்ட் கட்டடத்தின் மேல் இருந்தது. முதல் நாள் அப்படியே இருந்தது, மூன்றாம் நாளும் அப்படியே இருந்தது. இரண்டு பெண்களும் கைகளை மடியில் வைத்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிடவும் குளிக்கவும் படுக்கவும் ஒருவர் மாற்றி ஒருவர் இறங்கிப் போய் வந்தார்கள். எழுந்து போகிற நேரத்துக்குக் கொஞ்சம் மங்கலாகத் தெரிவீர்கள், அவ்வளவுதான் என்று லூயிஸ் வாத்தியார் சொல்லியிருந்தார். ஐந்தாம் நாள் அவன் கருவிழி அசைந்ததைப் பிரிசி முதலில் பார்த்தாள். ஏழாம் நாள் அது அமலுவின் மேல் வந்து நின்றது. அமலு தன் நரைத்த முன்முடியை முந்தானையால் மூடப் போனாள், பிறகு வேண்டாமென்று கையை இறக்கிக்கொண்டாள். அவனுடைய புருவங்கள் இரண்டு நாளில் மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கின. யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கிறது, யாரென்று தெரியவில்லை என்கிற முகம். அந்த முகத்தோடு அவன் நான்கு நாள் அவளைப் பார்த்தான். அவள் வாழ்க்கையில் அதைவிட நீளமான நான்கு நாட்கள் இருந்ததில்லை.

பதின்மூன்றாம் நாள் அவன் கண்கள் பக்கத்தில் நகர்ந்து பிரிசியிடம் வந்தன. அவளுக்கு அவனுடைய நெற்றி, அவனுடைய மூக்கு, அவனுடையதைப் போலவே எப்படிச் சீவினாலும் கோணலாகிற வகிடு. பதினைந்தாம் நாள் புருவங்கள் விலகின. கண்கள் விரிந்தன. பதினாறாம் நாள் காலையில் பார்த்தபோது அவற்றின் ஓரங்களில் ஈரம் இருந்தது, அது அன்று முழுவதும் கீழே விழாமல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. வண்டி தள்ள வந்தவர்கள் தங்கள் முறை முடிந்தும் போகாமல் கீழே நின்றார்கள்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் அவனுடைய உதடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

"வாயை மூடிட்டாரும்மா" என்றாள் பிரிசி, தலையைத் திருப்பாமல்.

"மூடலடி. நல்லாப் பாரு, அழுத்தி வெச்சிருக்காரு. ஏதோ சொல்ல வர்றாரு."

"அமலுன்னா வாய் திறந்திருக்கணும்ல?"

"ஆமா."

பிரிசி தன் உதடுகளையும் அதேபோலச் சேர்த்து அழுத்திப் பார்த்தாள். அவன் அவளைப் பாப்பா என்றுதான் போனில் கூப்பிடுவான் என்று அமலு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கீழே யாரோ "ம்" என்றார்கள், வண்டி அரை முழம் நகர்ந்து நின்றது. அமலு விம்முவதை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின.

"ம்மா, நீ ஆடாத. ஆடினா அவருக்குத் தெரியாது" என்றாள் பிரிசி. பிறகு, அவன் கண்களிலிருந்து தன் கண்களை எடுக்காமலே, அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த எழுத்துக்கு ரெண்டு நாள் ஆகும். நீ இறங்கிப் போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்கு. நான் எழுந்திரிக்க மாட்டேன்."